குசினிக் கூரைக்காகப் போரிட்ட தேங்காய்கள்

நாங்கள் சமைக்கிற குசினி வீட்டின் பின்பக்கம் தனியாக நிற்கிறது. அதன் தலைக்கு மேலே ஒரு தென்னை சாய்ந்து நிற்கிறது. குசினி முதலில் வந்ததா, தென்னை முதலில் சாய்ந்ததா என்று நான் விசாரித்துப் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஆளுக்கொரு காலவரிசை சொல்கிறார்கள். நாள் கிழமை சரியாக அமையாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பதால், நிச்சயமாகத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன். எரிபொருளுக்கு வரிசையில் நின்ற வருடம் கழிந்து, அதற்கு அடுத்த சித்திரை நெருங்கியபோது, குசினியின் பழைய தகரக் கூரையில் தகரத்தைவிட ஓட்டை அதிகமாகியிருந்தது. மாசியில் பிந்திப் பெய்த ஒரு மழையில் சொதிச் சட்டியை அடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி நகர்த்திச் சமைத்தேன். இறக்கும்போது பார்த்தால், வைத்ததைவிடச் சொதி கூடியிருந்தது. ருசியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

நாங்கள் இருப்பது படுவான்கரையில், கடல்நீர் புகுகிற வாவியின் ஓரம். அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. ஆணி, கதவுப் பிணைச்சல், சைக்கிள் சங்கிலி, என் தையல் பெட்டியிலுள்ள ஊசி எல்லாவற்றையும் அது ஒழுங்காக, அவசரமில்லாமல் தின்றுகொண்டிருக்கிறது. நானோ புளியந்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் தொழினுட்பவியல் படிப்பிக்கிறேன். பொருட்களும் அவற்றின் இயல்புகளும் என்பது என் பாடங்களில் ஒன்று. ஒரு பொருளைத் தேர்வதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகளைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். எவ்வளவு பாரம் தாங்கும், அடிபட்டால் நொறுங்குமா நெளியுமா, வெயிலில் என்ன செய்யும், உப்பில் என்ன செய்யும், பழுதானால் யார் திருத்துவது. கடைசிக் கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை. அதை நானாகச் சேர்த்தேன், ஏனென்றால் நான் ஒரு வீட்டிலும் இருக்கிறேன்.

இந்த வீடு எனக்குச் சீதனமாக வந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். வீட்டு உறுதிப் பத்திரத்தில் என் பெயர்தான் இருக்கிறது. ஆனால் கூரை என்ற பேச்சு எழுந்ததும் உறுதி எங்கோ ஒளிந்துகொள்ளும். வீடு கட்டும்போது கல் சுமந்தவர் என் அண்ணன். ஆகவே கூரையைத் தீர்மானிப்பது தன் உரிமை என்று நினைக்கிறார். அந்த வீட்டில் இருந்து ஒழுக்கை அண்ணாந்து பார்க்கிறவர் என் கணவர். ஆகவே அது தன் உரிமை என்று அவர் நினைக்கிறார். அண்ணன் வாவியில் இறால் பிடிப்பவர், பக்கத்து வளவில் அண்ணி வீட்டில் இருக்கிறார். கணவர் வயல் செய்கிறவர். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிடுவார்கள். அந்தச் சொல்லை அவர்கள் உச்சரிக்கும் தொனியை வைத்து அன்றைக்குச் சண்டையா சமாதானமா என்று முன்வாசலிலேயே தெரிந்துவிடும்.

அண்ணனுக்கு அஸ்பெஸ்டஸ் சீற் வேண்டும். அது துருப்பிடிக்காது என்பது அவர் கட்சி. கணவருக்கு நிறம் பூசிய புதுத் தகரம் வேண்டும். அது உடையாது என்பது அவர் கட்சி. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அதனால்தான் அந்த வழக்கு முடியவில்லை. எனக்கு ஓடு வேண்டும். அடுப்புக்கு முன்னால் நிற்கிறவள் நான். பங்குனி வெயிலில் தகரத்தின் கீழ் நின்று பிட்டு அவித்தால் பிட்டோடு சேர்ந்து நானும் அவிகிறேன். இதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை கணவர் ஓம் ஓம் என்றார். இரண்டாம் தடவை அண்ணன், அது ஆம்பிளையளின் வேலை, நீ ஏன் தலையைப் போட்டு உடைக்கிறாய் என்று பரிவாகக் கேட்டார்.

பந்தயம் கட்டப்பட்டது சித்திரைக்கு முன்வந்த ஒரு வெள்ளிக்கிழமை. கணவர் அது சனி என்று இன்றைக்கும் சாதிப்பார். வெள்ளிதான். அன்று சோற்றோடு பூசணிக்காயும் பருப்பும் இருந்தன, சனியென்றால் அண்ணன் இறால் கொண்டுவந்திருப்பார். இருவரும் சாப்பிட்டுவிட்டுக் கூரையைப் பற்றி மறுபடி தொடங்கினார்கள். கை கழுவின தண்ணீர் காயும்வரை பேசினார்கள். கடைசியில் அண்ணன் சொன்னார், வருசப் பிறப்புக்குப் போர்த்தேங்காய் அடிப்போம், வென்றவன் சொல்கிற கூரை.

கணவர் உடனே சம்மதித்தார். குசினி யாருடையது என்பதை இருவரும் மறந்தே போனார்கள்.

போர்த்தேங்காய் என்பது இதுதான். உரித்த தேங்காய் ஒன்றை மணலில் சின்னக் குழி செய்து அதில் வைப்பார்கள். எதிராளி தன் தேங்காயைக் கையில் பிடித்து அதன்மேல் ஓங்கி அடிப்பார். பிறகு முறை மாறும். எது உடைகிறதோ அதன் சொந்தக்காரர் தோற்றார். எங்கள் ஊரில் இதைச் சும்மா ஆடுவதில்லை. ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். பிள்ளைக்குத் தகப்பனின் சேரி. ஆகவே நானும் அண்ணனும் தென்சேரி. கணவர் வடசேரி. நான் பெற்று வளர்த்த மகளும் வடசேரி. பல்கலைக்கழகத்திலிருந்து வருச விடுமுறைக்கு வந்திறங்கியவள், பயணப் பையைக் கீழே வைக்கும் முன்னரே என்னை எதிரி முகாம் என்று அழைக்கத் தொடங்கிவிட்டாள்.

அடுத்து நடந்ததை வரிசைப்படி சொல்கிறேன். முதலில் வந்தவர் கணவர். நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். திருவலைக்குப் பக்கத்தில் குந்தினார். எனக்கு உதவி செய்ய வந்திருக்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"புள்ள, நீ படிப்பிக்கிற ஆள். எந்தத் தேங்காய் உடையாது?"

"நான் தென்சேரி," என்றேன்.

"அது வெளியில. குசினிக்குள்ள நீ என்ட மனிசி."

அண்ணன் பள்ளிக்கூட வாசலுக்கே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். வாவிப் பாலம் தாண்டி அவர் வந்தது, நான் அறிய, கலியாண வீட்டுச் சாமான் வாங்குவதற்கு மட்டும்தான். தலைக்கவசத்தைக் கழற்றாமல், மற்ற ரீச்சர்மார் கேட்காதபடி குனிந்து பேசினார். தலைக்கவசத்துக்குள்ளிருந்து அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. தேங்காய் பற்றித்தான். ஒரே இரத்தம், ஒரே சேரி, அந்த மனிசனுக்கு மட்டும் சொல்லிவிடாதே என்றார்.

கூரையைப் பற்றி இந்த இரண்டு பேரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தேங்காயைப் பற்றி இருவரும் கேட்டார்கள். இதை நான் கசப்போடு எழுதவில்லை. ஒரு துறைக்கு எங்கே மதிப்பு இருக்கிறது என்பது காலத்துக்குக் காலம் மாறும்.

நான் இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன், ஏனென்றால் சரியான பதில் ஒன்றுதான் இருக்கிறது. கடினம் வேறு, உரம் வேறு என்றேன். கண்ணாடியில் ஆணியால் கீறல் போடுவது கஷ்டம், ஆனால் கைதவறினால் அது சிதறிவிடும். இறப்பர்ச் செருப்பை நகத்தால் கீறலாம், ஆனால் அதை எறிந்து உடைத்தவர் இல்லை. தேங்காய்ச் சிரட்டை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதற்குள் நார் ஓடுகிறது, அந்த நார்தான் வெடிப்பைப் பிடித்து நிறுத்துகிறது. பெரிய தேங்காய் வேண்டாம், சின்னதாக எடுங்கள், வளைவு இறுக இறுகப் பலம் கூடும். முட்டையை நீட்டுவாக்கில் அழுத்திப் பார்த்தால் புரியும். நன்றாக முற்றிக் கறுத்ததாக இருக்கட்டும். அடிக்கும்போது கூர்முனையால் அடியுங்கள், அடி வாங்கும்போதும் முனையை மேலே வையுங்கள், இடுப்பில் வாங்கினால் முடிந்தது.

கணவர் உடனே முட்டையை அழுத்திப் பார்த்தார். கொஞ்சம் சரித்துப் பிடித்துவிட்டார். அன்றைக்கு அவருடைய சட்டையைத் தோய்த்தவளும் நான்தான்.

பிறகு கணவர் சித்தாண்டிக்குப் போய்த் தன் சொந்தக்காரர் வளவிலிருந்து ஒரு உரப்பை தேங்காய் கொண்டுவந்தார். அண்ணன் மாங்கேணியில் கடலோரத் தென்னைகளில் விழுந்ததாகச் சொல்லி இன்னொரு உரப்பை கொண்டுவந்தார். அப்போதுதான் பொருட்களைச் சோதிப்பதில் உள்ள பழைய சங்கடம் எங்கள் குடும்பத்துக்குள் புகுந்தது. ஒரு தேங்காய் எவ்வளவு பலம் என்று அறிய ஒரே வழி அதை உடைப்பது. உடைத்த தேங்காய் போருக்கு உதவாது. உடையாமல் தப்பியது, வாங்கின அடியில் உள்ளுக்குள் எங்கே கீறியிருக்கிறதோ தெரியாது. பெரிய பெரிய பாலங்களையும் விமானங்களையும் கட்டினவர்கள் இந்தச் சங்கடத்தோடு மல்லுக்கட்டிய கதைகளை நான் வாசித்திருக்கிறேன். அவர்களுடைய சோதனைத் துண்டுகளை யாரும் மறுநாள் சாப்பிடவேண்டியிருக்கவில்லை.

நாங்கள் சாப்பிட்டோம். காலையில் தேங்காய்ப்பூ தாராளமாகப் போட்ட பிட்டு, அதற்குத் தேங்காய்ச் சம்பல். மத்தியானம் எல்லாக் கறியும் பால்கறி. பின்னேரம் தேங்காய் ரொட்டி. அண்ணி வீட்டிலும் இதே கதைதான். அவர் ஒரு பாத்திரம் நிறையத் திருவின தேங்காய்ப்பூவை மதிலுக்கு மேலால் எனக்கு நீட்டினார். அதே நேரம் நான் ஒரு பாத்திரத்தை அவருக்கு நீட்டிக்கொண்டிருந்தேன். ஒருவரையொருவர் பார்த்தோம். இரண்டு பேரும் பாத்திரத்தைக் கீழே இறக்கவில்லை. கடைசியில் இரண்டும் கோழிகளுக்குப் போயின. இரண்டாம் நாளோடு கோழிகளும் வேண்டாமென்று விட்டன.

அண்ணன் இடையில் ஒரு புதுமை செய்ய நினைத்தார். அவருடைய வள்ளம் பைபர் வள்ளம். அடிப்பக்கம் கீறல் விழுந்தால் பிசினும் கண்ணாடி நாரும் வைத்து அவரே ஒட்டுவார், அதில் கெட்டிக்காரர். அந்தப் பிசினைத் தேங்காயின் கண்ணுக்குள்ளால் ஊற்றிவிட்டால் என்ன என்று கேட்டார். தேங்காய்க்குத் தண்ணீர் ஏன் தேவை என்று தத்துவார்த்தமாகவும் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்காமல் ஒன்றுக்கு ஊற்றினார். பிசின் இறுகும்போது சூடாகும் என்பதை வள்ளத்தில் அவர் கவனித்ததில்லை, ஏனெனில் வள்ளத்துக்கு மெல்லிசாகப் பூசுவார்கள். தேங்காய் அவருடைய மடியில் இருந்தபோது சூடேறியது. பிறகு அதன் கண்ணிலிருந்து புகை வந்தது. அதை அவர் வாவிக்குள் எறிந்தார். அது மிதந்து திரும்பிக் கரைக்கு வந்தது. வளவு முழுவதும் பல நாட்களாகப் புதுவள்ள வாசம் அடித்தது.

இப்படியாக, ஒரே அறிவுரையைக் கேட்டு, ஒரே மாதிரிச் சோதித்து, இருவரும் கடைசியில் தெரிந்தெடுத்த தேங்காய்கள் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. இரண்டும் சின்னது, கறுத்தது, முனை கூர்ந்தது. எனக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. ஊர் வழக்கப்படி இரண்டு தேங்காயும் ஒரே அடியில் உடைந்தால் சமன், பந்தயம் செல்லாது. அந்த இடைவெளியில் ஓட்டுக் கூரையைப் பற்றி மூன்றாம் தடவை வாயைத் திறக்கலாம் என்று இருந்தேன். ஒருவர் வென்றுவிட்டாலோ, தகரத்தின் கீழ் அவிய வேண்டும், அல்லது தென்னைக்குக் கீழே அஸ்பெஸ்டஸ் என்ற ஒன்றை வைத்துக்கொண்டு காலமெல்லாம் மேலே பார்த்துச் சமைக்க வேண்டும்.

வருசப் பிறப்புக்கு அடுத்தநாள் பின்னேரம், கோயிலுக்குப் பின்னாலுள்ள மணல் திடலில் ஊர் கூடியது. நடுவராகக் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற வண்ணக்கர் இருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சால்வை, கையில் விசில். விசிலை அவர் ஒருதரமும் ஊதவில்லை, அது மதிப்புக்காக. எதிர்பாராமல் வந்தவர் ஏறாவூர் முதலாளி. வீடு கட்டும் சாமான் கடை வைத்திருக்கிறவர், கூரைச் சாமான் அவரிடம்தான் வாங்குவோம். இப்படி ஒரு பந்தயம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வென்றவரின் ஓடரை அந்த இடத்திலேயே எழுதிக்கொண்டு போகலாம் என்று தன் சின்ன லொறியில் ஒரு அஸ்பெஸ்டஸ் சீற்றையும் ஒரு சிவப்பு நிறத் தகரத்தையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எல்லோருக்கும் தெரியட்டும் என்று லொறியை ஆட்டத்துக்குக் கிட்டவே நிறுத்தி, இரண்டையும் அதன் பக்கத்தில் சாத்தி வைத்தார். எந்தச் சேரிக்கு ஆதரவு என்று கேட்டதற்கு, தனக்கு இரண்டும் ஒன்றுதான், அல்லாஹ் இரண்டு பேருக்கும் நல்ல கூரையைக் கொடுக்கட்டும் என்றார்.

முதல் அடி அண்ணனுடையது. உடையவில்லை. கணவர் அடித்தார். உடையவில்லை. அடி, முறை மாற்றம், அடி, முறை மாற்றம். தேங்காயோடு தேங்காய் மோதும் சத்தம் முதலில் வீரமாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் யாரோ கதவு தட்டுவதுபோல் ஆகிவிட்டது. சனம் நின்றபடி பார்த்தது, பிறகு இருந்து பார்த்தது, பிறகு கச்சான் கடலை வாங்கிவந்து பார்த்தது. மகள் வடசேரிக் கூட்டத்திலிருந்து எழும்பி எனக்குக் கேட்கும்படி கத்தினாள்.

"அம்மா, தென்சேரிச் சிரட்டை பொறுக்க உரப்பை கொண்டந்தீங்களா?"

"உன்ட அப்பாவைக் கேள், அவர்தான் உரப்பையோட திரியிறவர்," என்றார் அண்ணன், அடி வாங்குவதற்குத் தேங்காயை நட்டுவைத்தபடி.

கணவர் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே ஓங்கினார். சிரித்ததால் கை சற்றுச் சரிந்தது. கூர்முனை கூர்முனையில் படாமல் ஓரத்தில் பட்டது. மணலிலிருந்து அண்ணனின் தேங்காய் சவர்க்காரம் வழுக்கினமாதிரி வழுக்கிப் பறந்துபோய், சாத்தியிருந்த அஸ்பெஸ்டஸ் சீற்றின் நடுவில் குத்தியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. சீற் மேலிருந்து கீழ்வரை அமைதியாக இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி நின்றது. மறுபாதி கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்தது.

வடசேரி ஆரவாரித்தது. அண்ணன் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். அந்தச் சீற் சாத்திவைத்த சீற் என்றார். கூரையில் அது குறுக்கே அடித்த சிலாகைக்குச் சிலாகை தாங்கி நிற்கும், இங்கே மேலேயும் கீழேயும்தான் பிடிமானம், நடுவில் குத்தினால் எதுவும் முறியும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாங்கும் இடங்களைப் பொறுத்து ஒரு பொருளின் பலம் மாறும் என்பதை நான் ஒரு தவணை முழுக்கப் படிப்பித்தும் சிலருக்கு ஏறுவதில்லை. அண்ணன் தோல்வி பயத்தில் அதைத் தானே கண்டுபிடித்துவிட்டார்.

வண்ணக்கர் தேங்காயைத் தூக்கிப் பார்த்தார். உடையவில்லை. ஆட்டம் தொடரட்டும் என்றார்.

இப்போது கணவரின் தேங்காய் மணலில். அண்ணன் கோபத்தோடு அடித்தார். கோபத்தில் குறி பிசகும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. தேங்காய் இந்தத் தடவை லொறியின் சக்கரச் சில்லில் பட்டு, அங்கிருந்து எகிறிச் சிவப்புத் தகரத்தில் மோதியது. வாவிக்கு அக்கரையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்திருப்பார்கள், அப்படி ஒரு சத்தம். பக்கத்து வேப்பமரத்துக் காகம் எல்லாம் எழும்பின. தகரம் உடையவில்லை. நடுவில் சோற்றுக் கோப்பை அளவுக்கு ஒரு குழி விழுந்தது, அவ்வளவுதான்.

"பாத்தியா மச்சான், உடையல்ல," என்று கணவர் சொல்லி முடிக்கவில்லை. சாத்தி வைத்த பிடி கழன்ற தகரத்தை வாவிக் காற்று தூக்கியது. பாரம் குறைந்த பொருளுக்கு ஏற்றிறக்கும் கூலி மிச்சம், ஆனால் காற்றுக்கும் அந்தக் கூலி மிச்சம்தான். தகரம் மணலில் நிமிர்ந்து, சரிந்து, பிறகு ஒரு தீர்மானத்தோடு வண்ணக்கரை நோக்கிப் போனது. அவர் முதலில் மரியாதையாகப் பின்வாங்கினார். மறுகா சால்வையை விட்டுவிட்டு ஓடினார். சால்வைமேல் தகரம் படுத்தது. அதைப் பிடிக்க நாலு பேர் ஓடினார்கள். அவர்களை விலகச் சொல்லி முதலாளி ஓடினார், பெயின்ற் உரிந்துவிடும் என்று.

பெயின்ற் ஏற்கனவே உரிந்திருந்தது. அண்ணன் குனிந்து குழியைத் தடவிப் பார்த்தார். நெளிந்த இடத்தில் சிவப்பு வெடித்து, கீழே வெள்ளையாகத் தெரிந்தது.

"இந்த இடத்தால உப்பு உள்ள போகும், மச்சான். ரெண்டு மாரி தாங்காது. எங்கட தென்னையில தேங்காய் விழுற ஒவ்வொரு தரமும் இப்பிடி ஒரு குழி. ஒவ்வொரு தரமும் இந்தச் சத்தம். நீ பகல்ல கண் அயர ஏலுமா?"

கணவர் பகலில் கண் அயர்வதை மிகவும் முக்கியமாகக் கருதுகிறவர். அவர் முகம் மாறியது. ஆனாலும் விடவில்லை. உன்ட சீற் முறிஞ்சா முழுசா மாத்தவேணும், ஒரு தேங்காய்க்கு ஒரு சீற்றா என்று கேட்டார். பிறகு உன்னுடையது நெளியும், உன்னுடையது நொறுங்கும், சூடு எது கூட, பாரம் எது கூட என்று இருவரும் அங்கேயே நின்று வாதாடத் தொடங்கினார்கள். தேங்காய்க்காக நான் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு சொல்லையும் கூரைக்கு எடுத்துப் பிரயோகித்தார்கள். இத்தனை மாதமாக நடந்த கூரைச் சண்டையில் கூரையைப் பற்றிப் பேசினது அன்றைக்குத்தான் முதல் தடவை. சனம் கடலைக் கோதுகளைத் தட்டிவிட்டு எழும்பியது, இதில் பார்க்க ஒன்றுமில்லை என்று.

நான் மூன்றாம் தடவைக்கு வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் முதலாளி திறந்துவிட்டார். உடைந்த சீற்றின் இரண்டு பாதிகளையும் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிராமலே, அப்ப ஓடு போடுங்களேன், என்ட கடையில இரிக்கு என்றார்.

என்னைத் தவிர எல்லோருக்கும் அது புது யோசனையாக இருந்தது. கணவர் நல்ல யோசனை என்றார். அண்ணன் தானும் அதைத்தான் நினைத்தேன் என்றார். மகள் மட்டும் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் வடசேரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உடனே கணவருக்குச் சந்தேகம் வந்தது. ஓடும் மண்தானே, சுட்ட மண், தேங்காய் விழுந்தால் அதுவும் உடையும். முதலாளி என் பக்கம் திரும்பினார். அவர் விற்கிறவர்தான்.

"ஓடும் உடையும்," என்றேன். "உடைஞ்சா அந்த ஒண்டு உடையும், ரெண்டு உடையும். மற்றது அப்பிடியே கிடக்கும். ஏணியை வைச்சு நானே மாத்துவன். உங்கள் ரெண்டு பேரையும் கூப்பிடத் தேவையில்ல."

உடையாத பொருளைத் தேடுவது ஒரு வழி, உடைந்தால் சின்னதாக உடையும்படி அமைப்பது இன்னொரு வழி என்று நான் மேலும் விளக்கப் போனேன். தேவைப்படவில்லை. தங்களைக் கூப்பிடத் தேவையில்லை என்ற பகுதி அவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.

அப்போதுதான் வண்ணக்கர் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு வந்து, தீர்ப்பு இன்னும் கிடக்குது என்றார். கணவரின் தேங்காயை லொறிக்குக் கீழே இருந்து எடுத்தார்கள். அதில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. தென்சேரி துள்ளியது. கணவர் மறுத்தார். தன் தேங்காயை உடைத்தது அண்ணனின் தேங்காய் அல்ல, முதலாளியின் தகரம் என்றார். லொறிச் சில்லாகவும் இருக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். முதலாளி தனக்குச் சம்பந்தமில்லை என்று சத்தியம் செய்தார். வண்ணக்கர் தாடையைத் தடவி, தகரத்துக்குச் சேரி கிடையாது, ஆகவே வெற்றி தோல்வி இல்லை என்று தீர்த்தார். அந்தத் தீர்ப்பில் எனக்கு இன்றுவரை குறை காண முடியவில்லை.

ஓடு என்று முடிவானபிறகுதான் வேலை தொடங்கியது. ஓட்டுக்குச் சரிவு கூட வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் இடுக்குக்குள்ளால் உள்ளே வரும். சரிவு கூடினால் முகடு உயரும். ஓட்டின் பாரமும் அதிகம், ஆகவே பழைய சிலாகைகள் போதாது, வளைமரமும் கைமரமும் புதிது. மரம் கனத்தால் மூலைத் தூண்களுக்கும் பலம் வேண்டும். ஒரு பொருளை மாற்றப் போய்க் குசினியையே மாற்றினோம். முதலாளி ஒவ்வொரு வாரமும் லொறியோடு வந்தார், ஒவ்வொரு வாரமும் ஓட்டுக்குத் தன்னுடைய வாழ்த்தைச் சொன்னார். கணவரும் அண்ணனும் கூரையில் இருந்து, ஒருவர் வைத்த ஓடுகளை மற்றவர் நகர்த்தி, மற்றவர் நகர்த்தினதை முதலாமவர் திருப்பி வைத்து, ஐப்பசி மழைக்குச் சற்று முன்னால் ஒருவழியாக முடித்தார்கள். கடைசி ஓடு வைத்தது வியாழக்கிழமை. கணவர் புதன் என்பார்.

இப்போது என் குசினி ஊரிலேயே குளிரான இடம். முகடு உயரம், ஓட்டு இடுக்கால் காற்று வருகிறது, மத்தியான வெயிலிலும் அடுப்படியில் நிற்கலாம். அதாவது, நிற்க இடம் இருந்தால் நிற்கலாம். வயலில் இருந்து வந்ததும் கணவர் நேரே குசினிக்குள் வந்து அம்மிக்குப் பக்கத்தில் பாய் விரிக்கிறார். இறாலை இறக்கியதும் அண்ணனும் அங்கேயே வருகிறார், பாக்கு உரலோடு. வெளியில் என்ன வெயில், மனிசன் இருக்க ஏலாது என்கிறார்கள். நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவரின் காலைத் தாண்டி, மற்றவரின் தலையைச் சுற்றி அடுப்புக்குப் போகிறேன். நேற்று அண்ணன் படுத்தபடி மேலே பார்த்துவிட்டு, முகட்டில் நாலாவது வரிசை கொஞ்சம் கோணல், பிரித்து மேய வேணும் என்றார். கணவர் கோணல் இல்லை என்றார். எழும்பிப் போய் வெளியில் நின்று பாருங்கள், அங்கேயிருந்து பார்த்தால்தான் சரியாகத் தெரியும் என்று இருவரிடமும் சொன்னேன். யாரும் அசையவில்லை.